நீதிபதி கார்டோசோவும் நியூயார்க்கு மேல்முறையீட்டு மன்றமும்

அமெரிக்க நாட்டு நீதிபதி பெஞ்சமின் கார்டோசோவை அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தோடு சார்த்திக் கூறுதல் பெருவழக்கு. ஆங்கு அவர் அமர்ந்தது 1932 முதல் 1938 வரையே. அதற்கு முன்னர்ப் பதினெட்டு ஆண்டுகள் நியூயார்க்கு மாநில மேல்முறையீட்டு மன்றத்தில் அவர் ஆற்றிய பணியே அவர் புகழுக்கு நிலைக்களன் என்பது எம் கருத்து.

1870-இல் பிறந்த அவர்க்கு இரண்டு வயது நிரம்பு முன்னரே, நீதிபதியாயிருந்த தந்தையார் ஊழற் குற்றச்சாட்டால் பதவி துறந்தார். குடிப்பழி துடைக்கவே மகனார் சட்டம் பயின்றார் என்பர். சட்டப் பட்டம் பெறாமலே அவர் 1891-இல் வழக்குரைஞரானார்; 1914-இல் மேல்முறையீட்டு மன்றம் புகுந்தார்; 1927-இல் அதன் தலைமை நீதிபதியானார்.

ஈண்டு விரித்து நோக்கத்தக்கது 1916-ஆம் ஆண்டின் மக்பெர்சன் வழக்கு. பியூக் நிறுவனத்தின் மோட்டார் வண்டியில் மரச்சக்கரத்தின் ஆரங்கள் நொறுங்கின. வண்டி கவிழ்ந்து உரியவர் காயமுற்றார். அவர் வண்டியை வாங்கியதோ இடைவணிகரிடம். தம்மொடு நேரே ஒப்பந்தம் செய்தார்க்கன்றிப் பிறர்க்குச் செய்தோர் பொறுப்பாகார் என்பது பழைய விதி. நஞ்சு போல இயல்பிலேயே கேடு தரும் பொருள்கள் விதிவிலக்காம். 1852-இல் மருந்தென்று பெயரொட்டி விற்ற நஞ்சு பற்றிய தீர்ப்பில் தோன்றிய அவ்விலக்கைக் கார்டோசோ பற்றிக்கொண்டார். சாரம் முதலியன பற்றிய இடைக்காலத் தீர்ப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தி, கவனமின்றிச் செய்யின் உயிர்க்கு ஊறு விளைக்கும் எப்பொருளும் அவ்வகையினதே என முடித்தார். விலக்கு விதியாயிற்று! நூற்பாவிற் கூறப்படாதவற்றை 'இலேசு' கொண்டு அமைக்கும் நம் உரையாசிரியர் நெறியை இது நினைவூட்டுகின்றது. ஆயின், உரையாசிரியர் அதனை நூலாசிரியர் கருத்தென்றே சாற்றுவர். கார்டோசோவோ, நீதிபதி சிற்சில இடங்களிற் சட்டத்தை ஆக்கவும் செய்கின்றார் என்பதை 1921-இல் யேல் பல்கலைக்கழகச் சொற்பொழிவுகளில் வெளிப்படையாகவே ஒப்பினார். 1932-இல் ஆங்கிலப் பிரபுக்கள் அவையில் அட்கின் பிரபு மக்பெர்சன் தீர்ப்பை எடுத்தாண்டார். அவ்வழி அதன் கொள்கை இந்திய நீதிமன்றங்களையும் எய்தியது.

எனினும் குறை கூறாது விடுதல் ஆய்வாகாது. 1928-இல், புகைவண்டி நிலையத்தில் ஒரு பயணியின் பொதியிலிருந்த வாணவெடி வெடித்து, அப்பால் நின்ற எடைப்பொறி சாய்ந்தமையாற் காயமுற்ற பெண்ணொருத்தியின் வழக்கு வந்தது. நால்வர் ஒருபுறமும் மூவர் மறுபுறமுமாகப் பிரிந்த அவ்வழக்கிற் பெரும்பான்மைத் தீர்ப்பை வரைந்தவர் கார்டோசோவே. அவர் உரைநடையின் செறிவை யாமும் வியக்கின்றோம். ஆயின், அவள் தொழில் யாது, உடன் நின்ற மகளிர் இருவர் யார், அவள் உற்ற நோய் யாது என்பன அதிற் காணப்படவில்லை. வழக்குச் செலவும் அவள் மீதே சுமத்தப்பட்டது.