உறுப்பு மாற்றமும் தோல் புற்றுநோயும்

சிறுநீரகம், கல்லீரல், இதயம் போன்ற உறுப்புகளைப் பிறரிடமிருந்து பெற்றவர்கள், உடல் அவ்வுறுப்பைத் தாக்கி அழிக்காதிருக்க நோயெதிர்ப்பைக் குறைக்கும் மருந்துகளைப் பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் உட்கொள்கின்றனர். அவர்களில் வெள்ளைத் தோல் கொண்டவர்களிடம் பின்னாளில் மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் தோல் புற்றுநோயாகும். மாற்று அறுவை சிகிச்சையின் தொடக்க காலத்தில் இந்த ஆபத்து அறியப்படவில்லை. நோயாளிகள் பல ஆண்டுகள் உயிர்வாழத் தொடங்கிய பின்னரே அது வெளிப்பட்டது.

மருந்துகளின் வருகை

1954 டிசம்பர் 23 அன்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜோசப் மர்ரே குழுவினர் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சையைச் செய்தனர். கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே தோற்றமுடைய இரட்டையர்கள் என்பதால் உடல் அந்தச் சிறுநீரகத்தை ஏற்றுக்கொண்டது. மற்றவர்களுக்கு நோயெதிர்ப்பை அடக்க உடல் முழுவதும் எக்ஸ் கதிர் செலுத்தினர். அவர்களுள் பலர் இறந்தனர்.

ஜார்ஜ் ஹிட்சிங்ஸ், கெர்ட்ரூட் எலியான் ஆகியோரின் ஆய்வில் உருவான அசாதயோப்ரின் இந்த நிலையை மாற்றியது. 1962-இல் மர்ரே இம்மருந்தின் துணையுடன், இறந்த ஒருவரின் சிறுநீரகத்தை வெற்றிகரமாகப் பொருத்தினார். அடுத்த ஆண்டு டென்வர் நகரில் தாமஸ் ஸ்டார்சல், அசாதயோப்ரினுடன் ஸ்டீராய்டு மருந்தையும் சேர்த்துக் கொடுத்தால் பலன் கூடுவதைக் காட்டினார்.

ஆபத்து தெரிய வந்தது

ஸ்டார்சலுடன் பணியாற்றிய இஸ்ரேல் பென், மாற்று உறுப்பு பெற்றவர்களுக்கு வரும் புற்றுநோய்களை 1960-களின் இறுதியில் தொகுக்கத் தொடங்கினார். பல மருத்துவமனைகளிலிருந்து தகவல் திரட்டிய இப்பதிவேடு பின்னர் சின்சினாட்டி நகருக்கு மாறியது. ஒரு மருத்துவர் தம்மிடம் வரும் ஓரிருவரை மட்டும் பார்த்தால் தற்செயல் என்றே எண்ணுவார். அவை ஓரிடத்தில் சேர்ந்தபோது ஒரு பொது உண்மை புலப்பட்டது.

வெயில் கடுமையாகவும் மக்களில் பெரும்பாலோர் வெள்ளைத் தோலினராகவும் உள்ள ஆஸ்திரேலியாவில் இது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. அந்நாட்டு மருத்துவர்கள் 1971-இல் இதைப் பற்றி எழுதினர். குயின்ஸ்லாந்து நோயாளிகள் குறித்து 1996-இல் வெளிவந்த ஆய்வின்படி, மருந்து தொடங்கிய முதல் ஆண்டில் 7 விழுக்காட்டினரும், 11 ஆண்டுகளில் 45 விழுக்காட்டினரும், 20 ஆண்டுகளில் 70 விழுக்காட்டினரும் தோல் புற்றுநோய்க்கு ஆளாகியிருந்தனர்.

காரணங்கள்

பொதுமக்களிடம் அடித்தளச் செல் புற்றுநோயே அதிகம். செதிள் செல் புற்றுநோய் குறைவு. மாற்று உறுப்பு பெற்றவர்களிடம் இவ்வரிசை தலைகீழாகிறது. செதிள் செல் வகை எளிதில் பரவக்கூடியது என்பதால் இம்மாற்றம் கவலைக்குரியது.

சூரியனின் புறஊதாக் கதிர்கள் தோல் செல்களின் டி.என்.ஏ.வைச் சிதைக்கின்றன. கெட்டுப்போன செல்களை நோயெதிர்ப்பு அமைப்பு இனங்கண்டு அழிக்கிறது. மருந்து அந்தக் காவலைத் தளர்த்துகிறது. 1970-களில் மார்கரெட் கிரிப்கி எலிகளில் செய்த ஆய்வுகள் இதற்குச் சான்றளித்தன. புறஊதாக் கதிரால் உண்டான கட்டிகளை இயல்பான எலிகளின் உடல் நிராகரித்தது. எதிர்ப்புக் குறைந்த எலிகளில் அவை வளர்ந்தன.

மருந்தே நேரடியாகத் தீங்கு செய்வதும் உண்டு. அசாதயோப்ரினிலிருந்து உண்டாகும் ஒரு பொருள் டி.என்.ஏ.வில் கலந்து, புறஊதா 'ஏ' கதிரை ஈர்த்துக்கொள்ளச் செய்கிறது என்று 2005-இல் பிரிட்டன் ஆய்வாளர்கள் காட்டினர்.

தடுப்பும் தேர்வும்

புற்றுநோய்க்கு அஞ்சி மருந்தைத் தாமாக நிறுத்தினால் பொருத்திய உறுப்பையே இழக்க நேரிடும். எனவே அளவைக் குறைப்பதும் மருந்தை மாற்றுவதும் மருத்துவர் எடுக்க வேண்டிய முடிவுகள். ஈஸ்டர் தீவின் மண்ணில் கிடைத்த நுண்ணுயிரியிலிருந்து பெறப்பட்ட சிரோலிமஸ் இதற்கு ஒரு வழியானது. ஏற்கெனவே செதிள் செல் புற்றுநோய் வந்த சிறுநீரக நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2012-இல் வெளியான ஆய்வில், இம்மருந்துக்கு மாறியவர்களில் 22 விழுக்காட்டினருக்கும், பழைய மருந்தைத் தொடர்ந்தவர்களில் 39 விழுக்காட்டினருக்கும் அது மீண்டும் தோன்றியது. ஆனால் மாறியவர்களிடம் கடுமையான பக்கவிளைவுகள் அதிகமாக இருந்தன.

கருந்தோல் உடையவர்களுக்கு மெலனின் நிறமி ஓரளவு பாதுகாப்பளிக்கிறது. எனினும் வெயில் படாத இடங்களிலும் அவர்களுக்குப் புற்றுநோய் தோன்றக்கூடும். தொப்பி, முழுக்கைச் சட்டை, வெயில்காப்புக் களிம்பு ஆகியவற்றுடன், ஆறாத புண்ணையோ புதிதாக வளரும் கட்டியையோ உடனே மருத்துவரிடம் காட்டுவதும், குறித்த காலங்களில் உடல் முழுவதும் தோலைப் பரிசோதித்துக்கொள்வதும் இன்று இவர்களின் சிகிச்சையில் ஒரு பகுதியாகும்.