சுரங்க ஊர்களில் மக்பெத்

ஆங்கில நாடக மேடையின் பெரும் நடிகையெனப் போற்றப்படும் சிபில் தோண்டைக் (1882–1976) திருச்சபைக் குரு ஒருவரின் மகள். பியானோ இசைஞராவதே அவர் விருப்பம். கை நோவு அதற்குத் தடையாகவே நடிப்புக்கு வந்தார். தம்பி றசலும் நடிகரானார். 1908இல் அவர் மணந்த லூயிஸ் காசனும் நடிகரே, பிள்ளைகள் நால்வர்.

முதலாம் உலகப் போர் ஆடவரை வாரிச் சென்றமையால், லண்டன் ஓல்ட் விக் அரங்கில் ஆண் வேடங்களையும் சிபில் தாங்கினார். 1917இல் இளைய தம்பி பிராங் போரிற் பட்ட காயத்தால் மாண்டார். பின்னர் யூரிப்பிடீசின் 'திரோய் நகர்ப் பெண்கள்' நாடகத்தில், பெற்ற பிள்ளைகளை இழந்த எக்குபாவாக அவர் அரற்றியதை வெறும் நடிப்பென்று கொள்ள என் மனம் ஒப்பவில்லை.

பேர்னாட் ஷா அவரை மனத்திற் கொண்டே 'சென் ஜோன்' நாடகத்தை எழுதினார். 1924இல் அது லண்டனில் அரங்கேறியது. 1928இல் அவர் நடித்த 'டோன்' திரைப்படத்துக்கோ தணிக்கையாளர் அனுமதி மறுத்தனர்.

1926ஆம் ஆண்டுப் பொது வேலைநிறுத்தத்தில் இத்தம்பதியர் தொழிலாளர் பக்கமே நின்றனர். 1931இல் சிபிலுக்கு அரச பட்டம் கிடைத்தது. பட்டம் வந்ததும் பழைய பக்கத்தை மறப்போரை நாம் காணாதவர்களல்லர்! இவர்களோ, 1940இல் லண்டன்மீது குண்டு பொழிந்தபோது, வேல்ஸின் நிலக்கரிப் பள்ளத்தாக்குகளுக்கு 'மக்பெத்' நாடகத்தைக் கொண்டுசென்றனர். காசன் மக்பெத், சிபில் அவன் மனைவி. அவ்வூர் மண்டபங்கள் பல, சுரங்கத் தொழிலாளர் தம் கூலியிலிருந்து சிறுதொகை கழித்துத் தாமே எழுப்பியவை. பாமரருக்கு உயர்கலை எட்டாதென்பது படித்தோர் சிலரின் பழைய பல்லவி. சிபில் அதற்குச் செவிமடுக்கவில்லை. மக்பெத்தின் பின் அவர் அதே ஊர்களுக்குக் கொண்டுபோனது, இரண்டாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட கிரேக்க நாடகமான 'மெடியா'.