வலையமைப்புச் சேமிப்பகத்தில் இடப்பங்கீடு: வரலாறு

வலையமைப்புச் சேமிப்பகம் என்பது ஒரு வீட்டிலோ அலுவலகத்திலோ உள்ள பல கணினிகளும் கைபேசிகளும் வலையமைப்பு வழியாகப் பொதுவாகப் பயன்படுத்தும் கோப்புச் சேமிப்புக் கருவியாகும். சுருக்கமாக ‘நாஸ்’ எனப்படுகிறது. இதனுள் ஒன்று அல்லது அதற்கு மேற்பட்ட வன்தட்டுகள் இருக்கும். அவற்றின் மொத்த இடத்தை யாருக்கு, எதற்கு, எவ்வளவு என்று வகுப்பதே இடப்பங்கீடு. தட்டைச் சுவர் வைத்துப் பிரிப்பதில் தொடங்கிய இம்முறை, இடத்தைப் பொதுவில் வைத்து உச்சவரம்பு மட்டும் குறிக்கும் முறையாகப் படிப்படியாக மாறியது.

தொடக்கக் காலம்

வன்தட்டுடன் விற்பனைக்கு வந்த முதல் கணினி, ஐபிஎம் நிறுவனம் 1956இல் அறிமுகப்படுத்திய 305 ராமாக் ஆகும். அதன் வட்டு அலகில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் இருந்தன. அவை அனைத்தும் சேர்ந்து 50 இலட்சம் எழுத்துகளையே கொண்டன. இன்று கைபேசியில் எடுக்கும் ஓர் ஒளிப்படத்திற்கே அவ்வளவு இடம் தேவைப்படலாம்.

பலர் ஒரே கணினியைப் பகிர்ந்துகொள்ளத் தொடங்கியபோது இடநெருக்கடி வந்தது. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்சு இயங்குதளத்தை வளர்த்து வந்தனர். மென்பொருள்கள் முதல் தட்டில் கொள்ளாமல் போகவே, பயனர் கோப்புகளுக்கென இருந்த ‘யூஎஸ்ஆர்’ என்ற அடைவுக்கும் அவை பரவின. லினக்சு கணினிகளில் அப்பெயர் கொண்ட அடைவில் இன்றும் மென்பொருள்களே இருப்பதற்கு இதுவே காரணம்.

சுவர் வைத்துப் பிரித்தல்

1983இல் வெளிவந்த ஐபிஎம் பிசி எக்ஸ்டி கணினியில் 10 மெகாபைட் வன்தட்டு இருந்தது. அதனுடன் வந்த டாஸ் 2.0 இயங்குதளத்தில், தட்டைப் பிரிப்பதற்கு ‘எஃப்டிஸ்க்’ என்ற நிரல் தரப்பட்டது. தட்டின் தொடக்கத்தில் உள்ள அட்டவணையில் நான்கு பிரிவுகளைக் குறிக்கலாம். வெவ்வேறு இயங்குதளங்களை ஒரே தட்டில் வைப்பதற்கு இது உதவியது.

விரைவில் பிரிப்பது கட்டாயமாயிற்று. அக்கால டாஸ் ஒரு பிரிவில் 32 மெகாபைட்டுக்கு மேல் ஏற்கவில்லை. எனவே 40 மெகாபைட் தட்டு வாங்கியவர் அதை ‘சி’, ‘டி’ என இரண்டாக்க வேண்டியிருந்தது. பின்னர் இவ்வெல்லை 2 கிகாபைட்டாக உயர்ந்தபோது வேறொரு சிக்கல் வந்தது. அவ்வளவு பெரிய பிரிவில் ஒதுக்கீட்டின் மிகச்சிறிய அலகே 32 கிலோபைட் ஆனது. ஒரு கிலோபைட் அளவுள்ள கடிதமும் 32 கிலோபைட் இடத்தைப் பிடித்துக்கொண்டது. இந்த வீணைக் குறைக்கவும் பலர் தட்டுகளைச் சிறு பிரிவுகளாக்கினர்.

இம்முறையின் குறை வெளிப்படை. ‘சி’ நிரம்பி வழியும்போது ‘டி’ காலியாகக் கிடக்கும். ஒன்றின் இடத்தை மற்றொன்று கடன் வாங்க இயலாது. தேவை என்னவென்று தெரியும் முன்பே சுவர் எழுப்பப்பட்டதுதான் காரணம்.

உச்சவரம்பு முறை

பல்கலைக்கழகக் கணினிகளில் வேறொரு வழி பிறந்தது. 1983இல் வெளியான 4.2 பிஎஸ்டி யூனிக்சில், மெல்போர்ன் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் எல்ஸ் உருவாக்கிய உச்சவரம்பு வசதி இடம்பெற்றது. தட்டு பொதுவாகவே இருக்கும். ஒவ்வொரு பயனருக்கும் இரண்டு எல்லைகள் குறிக்கப்படும். முதல் எல்லையைத் தாண்டினால் எச்சரிக்கையும் சற்று அவகாசமும் கிடைக்கும். இரண்டாம் எல்லையைத் தாண்டவே முடியாது.

1984இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் உருவாக்கிய என்எஃப்எஸ் நெறிமுறை, வேறொரு கணினியில் உள்ள கோப்புகளைத் தன் கோப்புகள் போலவே பயன்படுத்த வழிசெய்தது. கோப்புச் சேவைக்கென்றே தனிக் கருவிகள் செய்யும் நிறுவனங்களும் பின்னர்த் தோன்றின.

ரெய்டும் பொதுக்குளமும்

1988இல் கலிபோர்னியாவின் பெர்க்கிலி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் ஆகியோர் ‘ரெய்டு’ பற்றிய ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டனர். விலை குறைந்த பல தட்டுகளைச் சேர்த்து ஒரே தட்டுபோல் இயக்குவதும், ஒன்று பழுதானாலும் தரவு பிழைக்கச் செய்வதும் இதன் நோக்கம். இதற்கு விலையாக இடத்தை இழக்க வேண்டும். நான்கு 4 டெராபைட் தட்டுகளின் மொத்த அளவு 16 டெராபைட். ரெய்டு 5 முறையில் அதில் 12 கிடைக்கும். ஒரு தட்டு பழுதானால் தரவு தப்பும். ரெய்டு 6 முறையில் 8 மட்டுமே கிடைக்கும். இரண்டு தட்டுகள் பழுதானாலும் தரவு தப்பும்.

2005இல் சன் நிறுவனம் திறந்த மூலமாக வெளியிட்ட இசட்எஃப்எஸ் கோப்பு முறைமை, எல்லாத் தட்டுகளையும் ஒரு பொதுக்குளமாக்கியது. அதிலிருந்து ஒவ்வொரு பகுதியும் தேவைக்கேற்ப இடம் எடுத்துக்கொள்ளும். ஒரு பகுதிக்கு உச்சவரம்பு வைக்கலாம். இன்னொன்றுக்குக் குறைந்தபட்ச இடத்தை முன்பதிவு செய்யலாம்.

இன்றைய நடைமுறை

வீட்டுக் கருவிகளிலும் இம்முறையே பொருந்துகிறது. முதலில் முடிவு செய்ய வேண்டியது ரெய்டு வகை. தரவு நிரம்பிய பின் அதை மாற்றுவது கடினம். உச்சவரம்பையோ எந்த நாளும் மாற்றலாம். ஆகவே ஒரே பெரும்பகுதியை அமைத்து, அதில் பகிர்வுக் கோப்புறைகளை உருவாக்கி, தேவையானவற்றுக்கு மட்டும் வரம்பிடுவது எளிது.

தானே பெருகும் தரவுகளுக்கு வரம்பு இன்றியமையாதது. ஆப்பிள் நிறுவனம் 2007இல் அறிமுகப்படுத்திய ‘டைம் மெஷின்’ காப்புநகல் மென்பொருள், கிடைக்கும் இடம் முழுவதும் நிரம்பும்வரை பழைய நகல்களை வைத்துக்கொள்ளும். கண்காணிப்புக் கேமராப் பதிவுகளும் இத்தகையவை. வரம்பில்லாவிட்டால் குடும்ப ஒளிப்படங்களுக்கு இடம் இராது.

பங்கீடும் பாதுகாப்பும்

ஒரே கருவிக்குள் ‘காப்புநகல்’ என்று ஒரு பகுதியைப் பிரித்து வைப்பது பாதுகாப்பு ஆகாது. ரெய்டு தட்டுப் பழுதிலிருந்து மட்டுமே காக்கும்; தவறுதலாக அழித்தல், தீ, திருட்டு, ஊடுருவல் ஆகியவற்றிலிருந்து காக்காது. 2021 சூன் மாதத்தில், இணையத்துடன் இணைந்திருந்த ‘மை புக் லைவ்’ சேமிப்பகங்கள் பல நாடுகளில் ஊடுருவப்பட்டு, தொழிற்சாலை நிலைக்கு மீட்டமைக்கப்பட்டன. பல்லாண்டு ஒளிப்படங்களைப் பலர் இழந்தனர். வேறிடத்தில் நகல் வைத்திருந்தவர்கள் மீண்டனர்.

மூன்று நகல்கள், இரண்டு வகை ஊடகங்கள், ஒன்று வேறிடத்தில் என்னும் ‘3-2-1’ விதி இதனால்தான் வலியுறுத்தப்படுகிறது. கருவிக்குள் எந்தச் சுவரையும் நீக்கிவிடலாம். மூலத்துக்கும் நகலுக்கும் இடையிலான பிரிவினை மட்டும் கருவிக்கு வெளியே இருந்தாக வேண்டும்.