இழுப்பறையில் கிடந்த தோட்டாக்கள்

1967 ஜனவரி 12 அன்று ராமாவரம் தோட்டத்தில் எம்.ஆர். ராதா ரிவால்வரால் எம்.ஜி.ஆரைச் சுட்டார்; பின் தம்மையும் சுட்டுக்கொண்டார் என்பதே நீதிமன்றம் கண்ட முடிவு. ஒரே அறைக்குள் நிகழ்ந்த சூடு. குண்டு எம்.ஜி.ஆரின் இடக்காதருகே பாய்ந்து கழுத்தில் தங்கியது. ஆயினும் இருவரும் பிழைத்தனர். எவ்வாறு?

ராயப்பேட்டை மருத்துவமனை முன் திரண்டோர் தெய்வச் செயல் என்றே கருதியிருப்பர். தடயவியல் அறிஞர் பி. சந்திரசேகரன் கூறிய காரணம் எளியது: தோட்டாக்கள் பழையவை, பல்லாண்டுகள் மேசை இழுப்பறையில் உருண்டு உரசித் தளர்ந்தவை. உறைக்குள் ஈயக்குண்டு இறுகப் பொருந்தியிருந்தால்தான், மருந்து எரிந்தெழும் வாயு போதிய அழுத்தம் பெற்று அதனை உந்தும். பிடி தளர்ந்தால் அழுத்தம் திரளுமுன்பே குண்டு நகர்ந்துவிடும், வேகம் குன்றும்.

கைக்கடிகாரம் ஓடவில்லையெனில் வாங்கிய கடையில் முறையிடலாம். தோட்டாவின் பழுதோ சுட்ட பிறகே தெரிகிறது! துப்பாக்கியின் விலையையும் பெயரையும் ஆராய்வோர் தோட்டாவின் வயதை வினவுவது அரிது.

கொலை முயற்சிக்காக ராதாவுக்கு ஏழாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அது குறைந்தது. கழுத்துக் கட்டுடன் தோன்றிய சுவரொட்டிகளோடு எம்.ஜி.ஆர். பரங்கிமலையில் வென்றார். ராதா 1979 வரையிலும் எம்.ஜி.ஆர். 1987 வரையிலும் வாழ்ந்தனர். பழைய குரல் மட்டும் எம்.ஜி.ஆருக்குத் திரும்பவேயில்லை.