பம்பாய் மில்லும் ரத்னகிரி மணியார்டரும்

கிராமத்து ஜனங்கள் ஏன் நகரத்துக்குப் போகிறார்கள் என்று யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: பிழைப்புத் தேடி. பதில் தப்பில்லை. ஆனால் அப்படிப் போனவர்கள் முப்பது வருஷம் நகரத்தில் வேலை பார்த்தும் ஏன் ஊரை விடவில்லை, ஏன் திரும்பத் திரும்ப ஓடி வந்தார்கள் என்று கேட்டால் இந்த ஒற்றை வரி போதாது. பம்பாய் பஞ்சாலைத் தொழிலாளர்களின் கதையைப் பார்த்தால் விஷயம் கொஞ்சம் விளங்கும்.

கவாஸ்ஜி தாவர் என்ற பார்சி வியாபாரி 1854ல் பம்பாயின் முதல் நூற்பாலைக் கம்பெனியைத் தொடங்கினார். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது (1861-65) அங்கிருந்து இங்கிலாந்துக்குப் பஞ்சு வருவது நின்றுபோக, இந்தியப் பஞ்சுக்குக் கிராக்கி ஏறி, பம்பாய் வியாபாரிகள் கையில் பணம் புரண்டது. நூற்றாண்டு முடிவதற்குள் அந்த நகரத்தில் சுமார் எண்பது மில்கள். அவற்றுக்கு ஆள் வேண்டுமே! பெரும்பாலோர் வந்தது தெற்கே கொங்கண் கரையிலிருக்கும் ரத்னகிரி ஜில்லாவிலிருந்தும், மலைக்கு அந்தப்பக்கம் இருக்கும் சாத்தாராவிலிருந்தும்.

ரத்னகிரியில் மழைக்குப் பஞ்சமே கிடையாது. மண்தான் பிரச்சினை. செம்பாறையும் சரிவுமான நிலம். மழைக்காலத்தில் ஒரு போகம் நெல், அதற்கப்புறம் பல இடங்களில் ஒன்றுமில்லை. விளைந்ததிலும் ஒரு பங்கு 'கோத்' எனப்படும் வரி வசூல் நிலக்கிழாருக்குப் போய்விடும். மிச்சத்தில் வருஷம் முழுக்கக் குடும்பம் ஓடாது. அந்தக் கரையில் அப்போது ரயிலும் கிடையாது (கொங்கண் ரயில்வே முழுசாக ஓடத் தொடங்கியதே 1998ல்தான்). கடலோரக் கப்பலில் ஏறி பம்பாயில் இறங்கினார்கள்.

வந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். 1921 கணக்கெடுப்பின்படி பம்பாயில் இருந்தவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் வெளியூரில் பிறந்தவர்கள். ஆயிரம் ஆண்களுக்குப் பெண்கள் ஐந்நூற்றுச் சொச்சம்தான். 'சால்' என்ற வரிசைக் குடியிருப்பில் ஒரே அறையில் பத்துப் பேர், ஷிஃப்ட் முறையில் தூக்கம். ஒருவன் வேலைக்குப் போனால் அவன் பாயில் இன்னொருவன். சாப்பாடு, ஊர்க்காரப் பெண்கள் நடத்திய மெஸ்ஸில். வேலை வாங்கித் தருபவர் 'ஜாபர்' எனப்பட்ட மேஸ்திரி. அவருக்கும் கை நனைக்க வேண்டும். இத்தனையும் போக மிஞ்சியது மணியார்டராக ஊருக்குப் போனது. மனைவி, பிள்ளைகள், வயதானவர்கள் எல்லாரும் அங்கேதான். ரத்னகிரிக்கு 'மணியார்டர் பொருளாதாரம்' என்று பெயரே வந்துவிட்டது.

இதைக் கொஞ்சம் கணக்குப் புத்தகம் போலப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். ஒரு தொழிலாளியை வளர்த்து ஆளாக்கும் செலவு, அவன் குடும்பம் வசிக்கும் வீட்டுச் செலவு, நோயில் படுத்தால், கிழவனானால் பார்த்துக்கொள்ளும் செலவு. இவற்றில் எதுவும் மில் முதலாளியின் செலவுப் பக்கத்தில் வராது. எல்லாம் ரத்னகிரி வீட்டுத் தலையில், அதிலும் அந்த வீட்டுப் பெண்கள் தலையில். நாற்று நட்டதும் அறுத்ததும் அவர்கள்தான். ஒரு ஆளுக்கு மட்டும் போதுமான கூலியைக் கொடுத்து மில்லை நடத்த முடிந்தது இதனால்தான். மணியார்டர் வந்ததைப் பார்த்து நகரம்தான் கிராமத்துக்குச் சோறு போட்டது என்று சொல்வார்கள். ஆனால், கிராமமும் நகரத்துக்கு மானியம் கொடுத்துக்கொண்டிருந்தது. அதற்கு ரசீது மட்டும் இல்லை!

1896 செப்டம்பரில் மாண்ட்வி பகுதியில் பிளேக் கண்டுபிடிக்கப்பட்டது. எட்டு லட்சம் பேர் இருந்த நகரம். அடுத்த சில மாதங்களில் ஏறக்குறைய பாதி காலி. கப்பலிலும் ரயிலிலும் நடந்தும் ஊரைப் பார்த்து ஓடினார்கள். மருத்துவமனைக்கு இழுத்துப் போய்விடுவார்கள் என்ற பயம் நோயின் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது. மில்களில் ஆள் இல்லை. மாதச் சம்பளத்தை இழுத்தடித்துக் கொடுத்த முதலாளிகள் அன்றன்றைக்கே கூலி கொடுத்தார்கள். தெருமுனையில் தொழிலாளியை ஏலம் எடுக்காத குறையாக மில்லுக்கு மில் போட்டி. ஊருக்குத் திரும்பிப் போக முடிகிறவனுக்கு எவ்வளவு பலம் என்று முதலாளிகளுக்குப் புரிந்த சில மாதங்கள் அவை.

அந்தப் பலம் வேலைநிறுத்தங்களிலும் உதவியது. 1928ல் சுமார் ஒன்றரை லட்சம் மில் தொழிலாளர்கள் ஆறு மாதம் வேலைக்குப் போகவில்லை. சங்கத்தின் உண்டியல் பணத்தில் மட்டும் ஆறு மாதம் ஓட்ட முடியுமா? ஏராளமானோர் ஊருக்குப் போய் வயலில் இறங்கினார்கள். பிறகு 1931ல் அறிக்கை கொடுத்த ராயல் தொழிலாளர் கமிஷன், தொழிலாளியை நகரம் இழுக்கவில்லை, கிராமம்தான் தள்ளுகிறது என்று சொன்னது. கிராமத் தொடர்பு ஒரு காப்பீடு மாதிரி, அதை அறுத்துவிடக் கூடாது என்றும் சொன்னது. நல்ல ஆலோசனைதான். காப்பீட்டுக்கு பிரீமியம் கட்டுவது யார் என்பதுதான் கேள்வி.

இன்னொன்றும் உண்டு. இந்தக் காப்பீடு எல்லாருக்கும் இல்லை. துண்டு நிலமாவது இருந்தவனுக்குத்தான் ஊர் ஒரு புகலிடம். நிலமில்லாத தலித்துக்கு ஊர் என்றால் சேரியும் அவமானமும். அவனுக்கு பம்பாய் பிழைப்பு மட்டுமல்ல, தப்பிப்பும்கூட. அங்கேயும் சாதி கூடவே ரயிலேறி வந்தது. கூலி அதிகமான நெசவுப் பிரிவில் தலித்துகளைச் சேர்க்கவில்லை. நாடாவில் நூல் மாற்றும்போது நூல்முனையை வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும், 'தீட்டு' பட்டுவிடுமாம்! ரத்னகிரி ஜில்லாவின் அம்படவே கிராமத்தைப் பூர்வீகமாகக் கொண்ட அம்பேத்கர் இதை எதிர்த்துப் பேசினார். கோத் முறையை ஒழிக்க 1937ல் பம்பாய் சட்டசபையில் மசோதாவும் கொண்டுவந்தார். கிராமத்தைப் புகழ்ந்து பேசியவர்களோடு அவருக்கு ஒத்துப்போகாததில் ஆச்சரியம் இல்லை.

1982 ஜனவரி 18ல் தத்தா சாமந்த் தலைமையில் கடைசிப் பெரிய வேலைநிறுத்தம் தொடங்கியது. சுமார் இரண்டரை லட்சம் பேர். வழக்கம்போல ஊருக்குப் போனார்கள், காத்திருந்தார்கள். 1928ல் பலித்தது இப்போது பலிக்கவில்லை. அண்ணன் தம்பிகளுக்குள் பங்கு பிரிந்து பிரிந்து நிலம் கைக்குட்டை அளவாகியிருந்தது. முதலாளிகளுக்கும் அவசரமில்லை. விசைத்தறிகளில் துணி மலிவாகக் கிடைத்தது. மில் நிலத்தின் மதிப்போ ஏறிக்கொண்டிருந்தது. அந்த வேலைநிறுத்தம் முறைப்படி முடித்துக்கொள்ளப்படவே இல்லை. மில்கள் ஒவ்வொன்றாக மூடின. ஃபீனிக்ஸ் மில் இருந்த இடத்தில் பிறகு ஷாப்பிங் மால் வந்தது.

மில் போன பிறகும் ரத்னகிரியிலிருந்து ஆட்கள் கிளம்புவது நிற்கவில்லை. 2011 கணக்கெடுப்பில் அந்த ஜில்லாவின் ஜனத்தொகை 2001ல் இருந்ததைவிடக் குறைந்திருந்தது. ஆயிரம் ஆண்களுக்கு 1,122 பெண்கள். நூறு வருஷத்துக்கு முன்பு போலவே ஆண்கள் வெளியே, பெண்கள் ஊரில்.

2012ல் மகாராஷ்டிர அரசு, பழைய மில் நிலங்களில் கட்டிய வீடுகளை முன்னாள் தொழிலாளர்களுக்குக் குலுக்கல் முறையில் ஒதுக்கியது. வீடுகள் ஏழாயிரத்துக்கும் குறைவு. விண்ணப்பித்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். முப்பது வருஷம் முன்பு 'கொஞ்ச நாளில் திரும்பிவிடலாம்' என்று ஊருக்குக் கிளம்பிப் போனவர்களும், அவர்கள் காலமானதால் அவர்கள் வாரிசுகளும் அந்த வரிசையில் இருந்தார்கள்.