நம்மூர்க் காசு, நம்மூர் ஆள்

ஐரோலியில் குடியிருக்கும் நெல்லை, தூத்துக்குடிக் கிறிஸ்தவர்களுக்கு 'ஐ.எம்.எஸ்.' என்றால் விளக்கம் தேவைப்படாது. ஊர்ச் சபைக்குச் சங்கக் காணிக்கை அனுப்பிப் பழகியவர்கள் அவர்கள். இந்திய மிஷனெரி சங்கம் என்ற அந்த ஏற்பாடு பிறந்தது ஒரு வெட்கத்தில்.

1902-ல் வேதநாயகம் சாமுவேல் அசரியா யாழ்ப்பாணம் போனார். வெள்ளாளன்விளைச் சபைக் குருவானவரின் மகன்; அப்போது ஒய்.எம்.சி.ஏ. செயலாளர். அங்கே தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே பணம் சேர்த்து, கடல் தாண்டித் தொண்டிக்கு ஊழியர் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். தொண்டி நம் கரை! திருநெல்வேலிச் சபையோ ஆள்பலத்தில் பெரியது, நூறாண்டைத் தாண்டியது. பாளையங்கோட்டையில் குளோரிந்தா என்ற பெண் முன்நின்று கட்டிய பாப்பாத்தியம்மாள் கோயில் எழுந்ததே 1785-ல். ஆனாலும் பள்ளிக்கும் ஊழியத்துக்கும் லண்டன் சங்கங்களின் கையை எதிர்பார்த்தே பழகியிருந்தது. இத்தனை காலம் வாங்கிய சபை யாருக்கு என்ன கொடுத்தது என்ற கேள்வியோடு அசரியா ஊர் திரும்பினார்.

1903 பிப்ரவரி 12, பாளையங்கோட்டை. சங்கம் பிறந்தது. ஆளும் இந்தியர், பணமும் இந்தியருடையது, நிர்வாகமும் இந்தியர் கையில். ஊழியத்துக்கு நிஜாம் சீமையில் தோர்ணக்கல்லைத் தேர்ந்தெடுத்தார்கள். திருநெல்வேலிக்காரர் தெலுங்கு படித்துக்கொண்டு போனார்கள். 1909-ல் அசரியாவே குடும்பத்தோடு கிளம்பிவிட்டார். 1912-ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார்.

தோர்ணக்கல்லில் சபைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் மாலா, மாதிகா சாதிக் கூலிகள். காணிக்கை கேட்கக் கூசும் இடம். அசரியா கேட்டார். ஏழை என்பதற்காக ஒருவனை வாங்குகிறவனாகவே வைத்திருப்பது அவனைத் தாழ்த்துவது என்பது அவர் எண்ணம். அதற்கு ஆதாரம் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில் இருக்கிறது: கொடிய வறுமையில் கிடந்த மக்கெதோனியாச் சபைகள் தாங்களாகவே முன்வந்து கொடுத்ததை, தேவன் அவர்களுக்கு அளித்த கிருபை என்றே பவுல் சொல்கிறார். கிருபை முந்தியது, காசு பிந்தியது. 'நூறு போடு, ஆயிரமாய் வரும்' என்று இன்று மேடையில் முழங்கும் சிலர் இதைத் தலைகீழாக்கி வைத்திருக்கிறார்கள். அது வட்டிக் கணக்கு.

கூலிகள் கோழி கொண்டுவந்தார்கள், தானியம் கொண்டுவந்தார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது பிடியரிசி. உலை வைக்கும்போது வீட்டுக்கு அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனியே போட்டுவிட வேண்டும். கூலிக் காசு ஆண் கைக்குப் போகலாம். அரிசியை அளப்பவள் பெண்தான். தன் பெயரில் ஒரு தம்பிடி இல்லாதவளும் காணிக்கைக்காரி ஆனாள். மிஞ்சியதைக் காணிக்கையாக்கவும் அங்கே வழியில்லை. சோறு பொங்குவதற்கு முன்பே அந்தப் பிடி போய்விடும்.

1939 ஜனவரி 6-ல் தோர்ணக்கல் பேராலயம் பிரதிஷ்டையானது. கோயில் தூணும் மசூதிக் குவிமாடமும் கலந்த அந்தக் கட்டடம் எழும்ப இருபது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. பிடிபிடியாகச் சேர்ந்தால் அவ்வளவு நாள் ஆகத்தானே செய்யும்.