மூன்று பின் பிளக்
மின்கருவியின் நெகிழ்வான ஒயரைச் சாக்கெட்டுடன் இணைப்பது. இந்தியாவில் ஐ.எஸ். 1293 தரத்தின்படி 6, 16 ஆம்பியர் அளவுகளில் உண்டு.

இணைப்பு: தடித்த, நீண்ட பின்னில் பச்சை-மஞ்சள் எர்த் ஒயர். எர்த் மேலிருக்க, பின்கள் நமக்கு எதிர்ப்புறம் நோக்கியிருக்கப் பிடித்தால், வலப்புறம் ஃபேஸ் (பழுப்பு, பழைய ஒயரில் சிவப்பு), இடப்புறம் நியூட்ரல் (நீலம், பழையதில் கறுப்பு).

முறை: டெர்மினலுக்குள் அடங்கும் அளவே இன்சுலேஷனைச் சீவி, செம்பு இழைகளை முறுக்கி, ஓரிழையும் வெளியே நீளாமல் ஸ்குரூவை இறுக்க வேண்டும். முனையில் ஈயம் பற்றவைக்கக் கூடாது. அழுத்தத்தில் ஈயம் நசுங்க, பிடி தளர்ந்து சூடேறும். கிளாம்ப் வெளியுறையையே பற்ற வேண்டும். எர்த் ஒயரைச் சற்று நீளமாக விட்டால், ஒயர் இழுபட்டாலும் அதுவே கடைசியில் அறும்.